யானைக்கால் தண்ணீர் வழியாக ஒட்டாது

“யானைக்கால் உள்ளவர் நடந்த மழைத்தண்ணீரில் கால் வைத்தால் நமக்கும் வரும், கடலூர் ஓ.டி. (பழைய நகரம்) பக்கம் பார்த்து நடங்க” என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். நிறைய பேர் பகிர்ந்திருப்பதால் சொல்கிறேன். அண்ணே, அது அப்படிப் பரவாது.

நம் உடம்பில் திசுக்களில் ஊறும் நீரை வடித்துக்கொண்டு போகும் நிணநீர்க் குழாய்களுக்குள் குடியிருக்கும் நூல் போன்ற புழுதான் காரணம். அதன் குஞ்சுகள் இரவில் ரத்தத்தில் மிதந்து வரும். அப்போது கடிக்கும் கியூலெக்ஸ் கொசு அவற்றை உறிஞ்சும். அவை கொசுவின் உடம்பிலேயே பத்துப் பதினைந்து நாள் வளர்ந்த பிறகுதான் அடுத்தவருக்குப் போக முடியும். தேங்கிய சாக்கடை ஆபத்துதான், ஆனால் அந்தக் கொசு அங்கே முட்டையிடுவதால்.

எங்கள் பெரியம்மா தினமும் பெரியப்பாவின் காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கையெல்லாம் பழைய வேட்டித் துணியால் ஈரம் போக ஒற்றி எடுப்பார். புண்ணும் காய்ச்சலும் வந்து வீக்கம் கூடாமல் இருக்க அதுதான் முக்கியம். தொட்டால் ஒட்டும் என்று பயந்து விலகினால் அந்தக் காலை யார் கழுவுவது?

சரிபார்ப்பது சுலபம். உலக சுகாதார நிறுவனத்தின் இணையதளத்தில் யானைக்கால் பக்கத்தைப் பாருங்கள். புதுச்சேரியில் 1975 முதல் இயங்கும் நோய்க்கடத்தி (கொசு போல நோயைப் பரப்பும் உயிர்) கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், 1981 முதல் 1985 வரை அங்கே இந்த நோயைக் குறைக்கக் கொசுவைத்தான் குறிவைத்தது. இல்லையென்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில், இதற்கான ரத்தத்தை ஏன் இரவில் எடுக்கிறார்கள் என்று கேளுங்கள்.