28 நாள் சலுகை குடிபெயர்வதற்கு அல்ல

“பிள்ளை அம்மாவோடு இருக்க கோர்ட் ஆர்டர் இருந்தால், அப்பாவைக் கேட்காமலே வெளிநாட்டில் குடியேறலாம்” என்று பிரிட்டன் தமிழர்களின் வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

இங்கிலாந்து, வேல்ஸில் அந்த ஆர்டர் அனுமதி தருவது 28 நாள் வரையிலான வெளிநாட்டுப் பயணத்துக்கு மட்டுமே. விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போய்வரலாம். அங்கேயே பள்ளியில் சேர்க்க வேண்டுமென்றால், பெற்றோர் பொறுப்பு (பிள்ளையைப் பற்றி முடிவெடுக்கும் சட்டப்படியான உரிமையும் கடமையும்) உள்ள எல்லோரின் எழுத்துபூர்வ சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ வேண்டும். பிள்ளையின் நலனைத்தான் நீதிபதி முதலில் பார்ப்பார். அனுமதியில்லாமல் கூட்டிப்போனால் 1984 குழந்தைக் கடத்தல் சட்டப்படி குற்றம். பெற்ற தாய்க்கும் அது பொருந்தும். சட்டவிரோதமாக வெளிநாட்டுக்குக் கொண்டுபோன பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவதற்கான ஹேக் ஒப்பந்தத்தில் இலங்கையும் சேர்ந்திருக்கிறது. பிள்ளையைத் திருப்பி அனுப்பும்படி அங்கேயும் வழக்கு வரலாம்.

சந்தேகமிருந்தால் பிரிட்டன் அரசின் இணையதளத்தில் பாருங்கள். இந்த விதி 1989 குழந்தைகள் சட்டத்தின் 13ஆம் பிரிவில் இருக்கிறது. அந்த வாட்ஸ்அப் தகவலைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.