மதில் ஓரம் காத்திருக்கும் அம்மாக்களுக்கும் ஒரு கம்பு கொடுங்கள்

சிலம்பம் என்றாலே சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று ஆகிவிட்டது. இது சரியில்லை என்று நேரில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், இன்றைக்கு விரிவாகவே எழுதிவிடுகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் நடக்கும் சாயங்கால வகுப்பில் மாஸ்டருக்கு உதவியாக நிற்கிறவன் நான். பிள்ளைகள் வரிசையாக நின்று கம்பு சுற்றுவார்கள், அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்த அம்மாக்களும் பாட்டிகளும் மதில் ஓரத்தில் பையையும் தண்ணீர் பாட்டிலையும் பார்த்துக்கொண்டு வகுப்பு முடியும்வரை உட்கார்ந்திருப்பார்கள். பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவருக்குச் சுகர், இன்னொருவருக்கு முதுகு. எல்லாரிடமும் டாக்டர் ‘தினமும் நடங்க’ என்று சொல்லியிருப்பார். ஆக, உடற்பயிற்சி யாருக்கு ரொம்பத் தேவையோ அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நடை நல்லதுதான், ஆனால் நடை மட்டும் போதாது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு என்பதோடு, வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுக்கொடுக்கும் பயிற்சி வேண்டும் என்று இருக்கிறது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறார்கள்: வாரத்தில் மூன்று நாளாவது உடம்பின் சமநிலைக்கும் பலத்துக்கும் முக்கியத்துவம் தரும் பயிற்சி. வயதானவர்கள் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, அப்புறம் எழுந்து நடக்காமலே போன வீடு நம் தெருவுக்கு ஒன்றாவது இருக்கும், அதனால் இது ஏன் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தச் சமநிலைப் பயிற்சிதான் சிலம்பத்தில் முதல் பாடமே. கம்பைத் தொடுவதற்கு முன்னாலேயே காலடி சொல்லித் தருவார்கள். ஒரு கால் முன்னே போகும், உடம்பின் எடை முழுக்க அதன்மேல் இறங்கும், பின்கால் லேசாகும், திரும்பும்போது எடை மறுபடி மாறும். அப்புறம் கம்பு கைக்கு வரும். வலப்பக்கம் ஒரு சுற்று, இடப்பக்கம் ஒரு சுற்று என்று எட்டு வடிவம் போடும்போது மணிக்கட்டு மட்டும் திரும்பினால் போதாது, தோளும் இடுப்பும் கூடவே வர வேண்டும், இல்லாவிட்டால் கம்பு நேராக வந்து தொடையில் அடிக்கும். கண் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், கை ஒரு பக்கம் வேலை செய்ய, மூன்றையும் ஒரே தாளத்தில் வைத்திருப்பதுதான் பயிற்சி. இன்னொரு விஷயம், புதிதாகக் கற்கிறவர் கையிலிருந்து கம்பு விழுந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் குனிந்து எடுத்து நிமிர வேண்டும். யாரும் கணக்கில் வைத்துக்கொள்ளாத பயிற்சி இது, ஆனால் அறுபது வயதில் தரையைத் தொட்டு எழுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்த வயதில் இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

பேரனைக் கூட்டிவந்த ஒரு அம்மாவை ஒருநாள் மாஸ்டர் கூப்பிட்டு, பிள்ளைகள் பயன்படுத்தும் லேசான பிரம்பைக் கையில் கொடுத்தார். அவருக்குத் தோள் இறுகிப்போய் தலை வாரக்கூடக் கை மேலே போகாது. நாற்காலியில் உட்கார வைத்து மணிக்கட்டைத் திருப்புவது மட்டும் முதலில், பிறகு நின்றுகொண்டு, பிறகு இரண்டே இரண்டு காலடி. குனிந்து பாயும் அடி எதுவும் அவருக்குக் கிடையாது, கம்பும் தோள் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. சிலம்பத்தால் தோள் குணமாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை, பிசியோதெரபிக்கும் அவர் போய்க்கொண்டுதான் இருந்தார். ஆனால் வகுப்பு முடிகிறவரை உட்கார்ந்திருந்தவர் இப்போது பேரனுக்கு முன்னால் வந்து நிற்கிறார், காலடி தப்பினால் ‘இருங்க மாஸ்டர், மறுபடி போடறேன்’ என்கிறார்.

இதற்கு ஆசான் தரப்பிலும் கொஞ்சம் மனசு மாற வேண்டியிருக்கிறது. ஒரு உதாரணம் சொல்கிறேன். சிலம்பம் வெறுங்காலில் ஆடுவதுதான் மரபு, மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் இறங்குவோம், அந்த மரியாதை எனக்கும் உண்டு. ஆனால் இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது என்று ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு 2023-இல் சொன்னது. பல வருடமாகச் சுகர் இருக்கிற பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், முள் குத்தினாலும் கல் கிழித்தாலும் தெரியாது, புண் பழுத்த பிறகுதான் தெரியும். அவர்களை வெறுங்காலில் இறக்குவது ஆபத்து. மண்ணைத் தொட்டுக் கும்பிடட்டும், பிறகு ஷூ போட்டுக்கொண்டு ஆடட்டும். இதற்கு ஒத்துக்கொள்ளாத ஆசான்களோடு நான் வாதாடியிருக்கிறேன், இனியும் வாதாடுவேன். பிரஷர் இருக்கிறவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு வேகமாகச் சுற்றக் கூடாது, மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் வெறும் வயிற்றில் வரக் கூடாது, பையில் ஒரு மிட்டாயாவது இருக்க வேண்டும். முதல் நாளே இதையெல்லாம் கேட்டு எழுதிக்கொள்கிற ஆசானிடம் போங்கள்.

உடலில் குறைபாடு இருக்கிறவர்கள் விஷயத்திலும் இதையேதான் சொல்வேன். ஜூடோவைப் பாருங்கள். பாராலிம்பிக்கில் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான ஜூடோ 1988 சியோல் போட்டியிலிருந்து இருக்கிறது. அதற்காகக் கலையையே புரட்டிப்போடவில்லை. வழக்கமான ஜூடோவில் இருவரும் தள்ளி நின்று, பிடிக்காகப் போராடி ஆரம்பிப்பார்கள். இங்கே இருவரும் ஒருவர் உடையை ஒருவர் பிடித்தபடியே ஆரம்பிப்பார்கள், பிடி விட்டுப்போனால் நிறுத்திவிட்டு மறுபடி பிடிக்க வைப்பார்கள். முக்கியமான மாற்றம் அவ்வளவுதான். 2024 பாரிஸில் மத்தியப் பிரதேசத்துக் கபில் பர்மார் 60 கிலோ பிரிவில் வெண்கலம் வாங்கினார், பாராலிம்பிக் ஜூடோவில் இந்தியாவுக்கு முதல் பதக்கம். சின்ன வயதில் வயலில் தண்ணீர் பம்பைத் தொட்டு மின்சாரம் தாக்கியவர் அவர், அதற்குப் பிறகுதான் பார்வை போனது. தொடங்குகிற விதத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்ததால் அவருக்கு ஒரு களம் கிடைத்தது. சிலம்பத்தில் அப்படி யோசிக்க எவ்வளவோ இடம் இருக்கிறது. ஒற்றைக் கை வீச்சு ஏற்கெனவே இருக்கிறது. சக்கர நாற்காலியில் இருந்தபடி இடுப்புக்கு மேல் மட்டும் வைத்து அசைவுகளை வரிசையாக அமைக்கலாம். எங்கள் வகுப்பில் காது கேட்காத ஒரு பையன் இருக்கிறான். மாஸ்டர் வாயால் எண்ணுவதை விட்டுவிட்டு அவன் எதிரில் நின்று காலால் தரையைத் தட்டிக் காட்ட ஆரம்பித்தார், அதற்கப்புறம் எதிராளியின் கால் அசைவை அவனைவிடச் சீக்கிரம் பிடிக்கிறவர்கள் வகுப்பில் யாரும் இல்லை.

சரி, பிள்ளைகள் விஷயத்துக்கும் வருகிறேன், ஏனென்றால் எனக்கு அதிகம் கோபம் வருவது இங்கேதான். பானைமேல் நின்று, ஆணிப் பலகைமேல் நின்று, கண்ணைக் கட்டிக்கொண்டு, மணிக்கணக்கில் நிறுத்தாமல் கம்பு சுற்றி ‘உலக சாதனை’ சான்றிதழ் வாங்குகிற நிகழ்ச்சிகள் ஊருக்கு ஊர் நடக்கின்றன. ஏழெட்டு வயதுக் குழந்தையின் எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஒரே அசைவை ஓய்வில்லாமல் மணிக்கணக்காகச் செய்தால் மணிக்கட்டும் முழங்கையும் தோளும் என்ன ஆகும்? வெயிலில் நிற்கிற பிள்ளை தண்ணீர் கேட்டால்கூட ‘இன்னும் கொஞ்ச நேரம்தான்’ என்று மைக்கில் உற்சாகப்படுத்துகிறோம். அதில் சிலம்பம் எங்கே இருக்கிறது? எதிராளியைப் பார்ப்பது, விலகுவது, தொடுவது, அடியை வாங்காமல் தடுப்பது, இதெல்லாம்தானே சிலம்பம்.

தமிழ்நாடு அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்க்கப்பட்டதையும், 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றதையும் நான் மனசார வரவேற்கிறேன். போட்டிக்குப் போகிற பிள்ளை போகட்டும். ஆனால் பத்தாம் வகுப்பு வந்ததும் ‘போதும், படிப்பைப் பார்’ என்று கம்பைப் பரணில் போட்டுவிடுகிறோமே, அத்தோடு அந்தப் பிள்ளைக்கும் சிலம்பத்துக்கும் தொடர்பு அறுந்துபோகிறது. கேரளத்தில் வடகரா மீனாட்சி அம்மா ஏழு வயதில் களரி என்கிற கேரளத் தற்காப்புக் கலையில் இறங்கியவர், 2017-இல் பத்மஸ்ரீ பெற்றபோது எழுபதைத் தாண்டியிருந்தார், அப்போதும் பிள்ளைகளுக்கு அவரே களத்தில் நின்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நடுவில் விடாமல் இருந்தால் அப்படி. நடுவில் விட்டவர்களும், தொடங்கவே தொடங்காதவர்களும்தான் நம்மில் அதிகம், அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

ஆசான்களிடம் நான் கேட்பது வாரத்தில் ஒரே ஒரு மணி நேரம். பிள்ளைகள் வகுப்பு நடக்கும்போதே மைதானத்தின் இன்னொரு மூலையில் பெரியவர்களுக்கு ஒரு வரிசை. பெல்ட், தேர்வு, சான்றிதழ் எதுவும் வேண்டாம், மேடை வேண்டாம். வளர்ந்த மாணவர் ஒருவரை அங்கே நிறுத்தினால் போதும், அவருக்கும் சொல்லிக்கொடுக்கப் பழக்கம் வரும்.

சேர நினைக்கிறவர்களுக்கு: மூட்டு, இதயம், சுகர், பிரஷர் எது இருந்தாலும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். புடவையோடு வரலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள், கால் தடுக்கும், சுடிதார் நல்லது. கம்பு உடனே வாங்க வேண்டாம், வகுப்பில் இருப்பதை வைத்தே பழகுங்கள். வாங்கும்போது நெட்டுக்கு நிறுத்திப் பார்த்து உங்கள் நெற்றி அளவுக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள், ஒரு கையால் நீட்டிப் பிடித்தால் கை நடுங்காத எடையாக இருக்கட்டும், கணுக்களைச் சீவி வழவழப்பாக்கித் தந்திருக்கிறார்களா என்று விரலால் தடவிப் பாருங்கள்.