ஜூன் லீவுக்கு இந்தோனேசியாவா? அந்த வாட்ஸ்அப் தகவல் பாதிதான் சரி

"ஜூனில் இந்தோனேசியாவில் எங்கே போனாலும் வெயில், டிசம்பரில் எங்கே போனாலும் மழை" என்று பள்ளி விடுமுறைக்கு முன்னால் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறதே, அது தவறு. பாலிக்கும் ஜாவாவுக்கும் ஓரளவு பொருந்தும், சரி. ஆனால் கிழக்கு இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் இருக்கும் அம்போனில் கதையே தலைகீழ்: தென்கிழக்குக் காற்று பண்டா கடலின் ஈரத்தை அள்ளிவந்து ஜூன், ஜூலையில்தான் கொட்டோ கொட்டென்று கொட்டும், பாலியில் அதே நாளில் துணி சீக்கிரமே காய்ந்துவிடும். சுமத்ராவின் பாடாங்கில் வறண்ட மாதம் என்று ஒன்றே கிடையாது, குடை பையிலேயே இருக்கட்டும். 17,000 தீவுகளுக்கு மேல் உள்ள நாட்டுக்கு ஒரே பருவமா? அப்புறம், பாலியின் டிசம்பர் மழையும் பெரும்பாலும் நம் ஊர் மழை மாதிரிதான், மத்தியானம் கொட்டிவிட்டுப் போய்விடும். டிக்கெட் எடுக்குமுன் தீவின் பெயரைப் போட்டு மாதவாரி மழை அளவைப் பாருங்கள்.