புஷ்ஷைத் தவிர மற்றதெல்லாம் மாற்றியாச்சு

என் பைக் மறுபடியும் ஒழுகியது. முன் சக்கரத்தைத் தாங்குகிற அதே இடது ஃபோர்க், பைப்பைச் சுற்றி அதே எண்ணெய் வளையம், அதன் மேல் ஊரில் உள்ள தூசி அத்தனையும். எண்ணெய் வெளியே வராமல் தடுக்கிற ஆயில் சீலை மாற்றிய பில்லை மடித்து டேங்க் கவரில் வைத்திருக்கிறேன். அதன் ஈரம் காய்வதற்குள் சீல் கண்ணீர் விட ஆரம்பித்துவிட்டது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொண்டுபோய் நிறுத்தினால், அங்கே இருக்கிற வெள்ளைச் சட்டைத் தம்பி குனிந்துகூடப் பார்க்காமல் சொல்கிறார்: "இந்த மாடலே அப்படித்தான் சார் இருக்கும்."

அப்படித்தான் இருக்குமாம்! அப்படியென்றால் ஷோரூமில் மாலை போட்டு நிறுத்தியிருக்கிற புது வண்டியும் அல்லவா ஒழுக வேண்டும்? "சார், முன் பிரேக் பிடிச்சா டொக்குன்னு ஒரு சத்தம் வரும், ஆயில் வடிஞ்சு டிஸ்க்குக்குப் பக்கத்துல வந்து நிக்கும், அதெல்லாம் கம்பெனியே கொடுக்குது" என்று விற்கிற அன்றைக்கு ஒருத்தரும் சொல்லவில்லையே?

அந்த டொக் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிக்னல் பக்கம் மெதுவாக வந்து முன் பிரேக்கை லேசாகத் தொடும்போது உள்ளங்கையில் ஒன்று இடிக்கும். சின்னப் பள்ளத்தில் இறங்கினால் இரண்டு. முதல் வாரம் ஹாரன் போல்ட் லூஸ் என்று நினைப்போம், அப்புறம் நம்பர் பிளேட் மேல் சந்தேகப்படுவோம். சரி, அந்தக் கட்டத்தையெல்லாம் தாண்டித்தான் சர்வீஸுக்கு விட்டேன். அங்கே நோயைக் கண்டுபிடித்த அழகை விலாவாரியாகச் சொல்லாவிட்டால் எனக்கு இன்றைக்குத் தூக்கம் வராது.

தம்பி வந்தார். கையில் டேப்லெட். கிலோமீட்டர் எவ்வளவு என்று கேட்டார். மீட்டர் அவர் மூக்குக்கு நேரே இருந்தது, இருந்தாலும் என்னைக் கேட்டார். சொன்னேன். "என்ன சார் கம்ப்ளெயிண்ட்?" "முன்னால டொக் டொக்னு சத்தம் வருது. கோன் செட்டா, ஃபோர்க் புஷ்ஷான்னு பார்க்கணும்." கோன் செட் என்றால் ஹேண்டில் கழுத்தில் இருக்கும் பேரிங், புஷ் என்றால் ஃபோர்க்குக்குள் பைப்பைப் பிடிக்கிற வளையம். தலையாட்டிக்கொண்டே தட்டினார். எட்டிப் பார்த்தேன். 'ஜெனரல் சர்வீஸ்' என்றிருந்தது. "நான் சொன்னது இதுல எங்க தம்பி?" என்றேன். "ஆப்ஷன் அவ்வளவுதான் சார் இருக்கு."

பிறகு வண்டி மேல் ஏறி உட்கார்ந்தார். ஸ்டாண்டைத் தட்டினார். முன் பிரேக்கைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். டொக். இன்னொரு அழுத்து. டொக். "ம்ம்" என்றார். மூன்றாவது அழுத்துக்குத் தயாரானபோது அவர் போன் அடித்தது. இடது கையால் எடுத்தார், வலது கை பிரேக்கிலேயே இருந்தது. "ஆமா மச்சான்... இல்ல மச்சான், மட்டன் வேணாம், சிக்கனே சொல்லிடு... எக்ஸ்ட்ரா ரைத்தா கேளு." பேசுகிற வேகத்தில் உடம்பு ஆட, வண்டியும் ஆட, டொக் டொக் என்று அதுவும் தன் பங்குக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. போனைப் பையில் போட்டார். இறங்கினார். தீர்ப்பு சொன்னார்: "கோன் செட் சார்."

முன் சக்கரத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். "அதெல்லாம் தேவையில்ல சார், எக்ஸ்பீரியன்ஸ்." முளைத்து மூணு இலை விடவில்லை, எக்ஸ்பீரியன்ஸாம்.

இதில் தலையைப் பிய்த்துக்கொள்ள ஒன்றுமே இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். மெயின் ஸ்டாண்ட் போட்டு, பின்னால் ஒரு பையனை உட்காரச் சொன்னால் முன் சக்கரம் தரையை விட்டு எழும்பும். எதிரே குந்தி உட்கார்ந்து, இரண்டு ஃபோர்க் பாட்டத்தையும், அதாவது பைப் நுழைகிற கீழ்க்குழாயை, ஆக்ஸிலுக்குப் பக்கத்தில் பிடித்து முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். கழுத்தில், இரண்டு ஃபோர்க்கையும் சேர்த்துப் பிடிக்கிற டி-ஸ்டெம் பக்கம் அசைந்தால் கோன் செட். கழுத்து கம்மென்று இருந்து, பைப் பாட்டத்துக்குள் நுழைகிற இடத்தில் அசைந்தால் புஷ். தூசியைத் தடுக்கிற டஸ்ட் சீலும் பைப்பும் சேருகிற இடத்தில் விரலை வைத்தால் போதும், ஆடுகிற பல்லை நாக்கு கண்டுபிடிக்கிற மாதிரி விரல் கண்டுபிடித்துவிடும். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஆட்டினால் காலிப்பருக்குள் பேடு நகர்கிற சத்தமும் சேர்ந்து குழப்பும், அதனால்தான் பிரேக்கை விட்டுவிட்டு ஆட்டிப் பார்ப்பது. மொத்தத்தில் டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. ரைத்தா சொல்கிற நேரத்தில் இரண்டு வண்டி பார்க்கலாம்.

கோன் செட் மாற்றினார்கள். பழையது எங்கே என்றால், "ஸ்கிராப்ல போயிடுச்சு சார்." புதியதை இறுக்கிய இறுக்கில் ஹேண்டில் நட்டநடுவில் போய் உட்கார்ந்துகொண்டு, இடமும் வரமாட்டேன் வலமும் வரமாட்டேன் என்றது. கோன் செட்டை அளவுக்கு மேல் இறுக்கினால் மெதுவாகப் போகும்போது வண்டி தானாக நேர்ப்படாது, நாம்தான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளித் தள்ளி ஓட்ட வேண்டும். சாயங்கால நேரத்து ஆற்காடு ரோட்டில், ஒரு பக்கம் பஸ், மறுபக்கம் தண்ணீர் லாரி, நடுவில் குடித்தவன் மாதிரி நான். பஸ் டிரைவர் பார்த்த பார்வை இருக்கிறதே! அவ்வளவுக்கும் அந்த டொக் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையவில்லை. போய்ச் சொன்னால், "லூஸ் பண்ணா சத்தம் வரும் சார், டைட் பண்ணா இப்படித்தான் சார்." இரண்டில் எது வேண்டும் என்று என்னைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்.

அடுத்து ஆயில் சீல். ஒழுகியது, மாற்றினார்கள், ஒழுகியது, மறுபடியும் மாற்றினார்கள். இங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

என் வண்டியின் ஃபோர்க்கில் பைப்பின் அடி நுனியில் ஒரு புஷ், பாட்டத்தின் வாயில் ஒரு புஷ். ஒரு பக்கம் வெட்டு விட்ட மெல்லிய வளையம், உரசுகிற முகத்தில் டெஃப்லான் பூச்சு. பைப்பை நடுவில் பிடித்து நேராக ஏற இறங்க விடுவது இவை இரண்டும்தான். தேய்ந்தால் பைப் உள்ளே ஆடும். ஆடுகிற பைப்பை ஆயில் சீலின் ரப்பர் உதடு எவ்வளவு நாள் பிடித்துக்கொண்டிருக்கும்? வைரத்திலேயே சீல் செய்து போட்டாலும் ஒழுகத்தான் செய்யும்.

அந்த சீலைக் கழற்றும் முறை இன்னும் விசேஷம். டஸ்ட் சீலைத் தூக்கி, சீலைப் பிடித்திருக்கிற கம்பி வளையமான சர்க்ளிப்பை எடுத்து, அடியில் இருக்கிற ஆலன் போல்ட்டைக் கழற்றிவிட்டு, பைப்பைப் பிடித்து டக் டக்கென்று நாலு வெட்டு வெட்டி இழுக்க வேண்டும். கீழ் புஷ் மேல் புஷ்ஷை இடிக்கும். மேல் புஷ், அதன் மேல் வாஷர், அதன் மேல் ஆயில் சீல், மூன்றும் சேர்ந்து கையில் வரும். கவனியுங்கள், கையில் வரும்! புஷ்ஷைத் தேடிப் போகவே வேண்டாம், அதுவாகவே வந்து உள்ளங்கையில் உட்காரும். அதைத் துடைத்து, ஒரு நொடிகூடப் பார்க்காமல், தேய்ந்தது தேய்ந்தபடி திரும்ப உள்ளே வைத்து, அதன் மேல் புது சீலை அடித்து, பில் போட்டிருக்கிறார்கள். அப்படி இல்லை என்றால் பைப்பை இழுக்காமல் சீலை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்திருக்கிறார்கள். இரண்டில் எது பெரிய அயோக்கியத்தனம் என்று உங்கள் முடிவுக்கே விட்டுவிடுகிறேன்.

கடைசியில் தெருமுனை மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் வாயில் பாக்கை ஒதுக்கிக்கொண்டு சக்கரத்தைத் தூக்கினார், ஆட்டினார், "புஷ்ஷு போச்சு தம்பி. வாங்கிட்டு வா, போட்டுடலாம்" என்றார். முடிந்தது. இவ்வளவுதான் விஷயம். டேப்லெட் இல்லை, ஏசி வெயிட்டிங் ரூம் இல்லை, காபி மெஷினில் வெந்நீர் பிடித்துக் குடிக்கவில்லை.

ஆனால் 'வாங்கிட்டு வா' என்றாரே, அது தனி யாத்திரை. சென்னையில் வண்டிப் பாகங்கள் விற்கிற ஜி.பி. ரோட்டில் முதல் கடைக்காரர் சுவிங் ஆர்ம் புஷ்ஷை எடுத்து மேஜையில் வைத்தார். இரண்டாவது கடையில் ஹேண்டில் ரப்பர் புஷ். மூன்றாவது கடையில், "ஃபோர்க்ல புஷ்ஷே கிடையாது சார்." நியாயமாகப் பேசினால், சில சின்ன வண்டிகளில் நிஜமாகவே தனி புஷ் இருக்காது. பைப் நேரே அலுமினிய பாட்டத்திலேயே உரசும், தேய்ந்தால் பாட்டத்தையே மாற்ற வேண்டியதுதான். ஆனால் என் வண்டிக்கு இருக்கிறது, கம்பெனி பார்ட்ஸ் புத்தகத்தில் படத்தோடு நம்பரோடு இருக்கிறது. போனில் காட்டினேன். "அது புக்ல இருக்கும் சார்" என்றார். புத்தகத்தில் மட்டும் இருக்கிற பொருளா? நாலாவது கடையில் "தனியா வராது, முழு ஃபோர்க் அசெம்பிளியா எடுத்துக்கோங்க" என்று பல ஆயிரத்துக்கு ஒரு தொகை சொன்னார். பக்கத்தில் நின்றவர் வலிய வந்து, "புதுப்பேட்டைல பழைய ஃபோர்க்கே செட்டா வாங்கிடலாம்" என்றார். இன்னொருத்தர் லேத்தில் கன்மெட்டலில் கடைந்து போட்டுவிடலாம் என்றார். அப்போது கடைப் பையன் ஒருவன் பரண் மேலிருந்து ஒரு டப்பாவைத் தட்டி இறக்கி, "இதுவாண்ணே?" என்றான். அதேதான். சில நூறு ரூபாய். முதலாளி முகத்தில் வருத்தம், அசெம்பிளி போச்சே என்று.

அண்ணன் மதியம் மூணு மணிக்கு வரச் சொன்னார். மூணு மணிக்குப் போனால் கடையில் அவர் இல்லை. அதையும் எழுத ஆரம்பித்தால் விடிந்துவிடும், விடுங்கள்.

பிரித்தபோது கூடவே இருந்தேன். ஃபோர்க்கிலிருந்து வடிந்தது எண்ணெய் என்றே சொல்ல முடியாது. ஈயம் கரைத்த சாம்பல் தண்ணீர், வெயிலில் மினுமினுக்கிற உலோகத்தூள், அழுகிய மீன் நாற்றம். புது சீல் போட்ட புண்ணியவான்கள் எண்ணெயை மாற்றவில்லை, குறைந்துபோனதை மட்டும் ஊற்றி நிரப்பிவிட்டு விட்டிருக்கிறார்கள். கீழ் புஷ்ஷைத் துணியால் துடைத்து நீட்டினார் அண்ணன். ஒரு பக்கம் சாம்பல் நிறப் பூச்சு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது, மற்ற இடமெல்லாம் பளபளவென்று செம்பு. என் வண்டி ஹோண்டா இல்லை, ஆனால் ஹோண்டாவின் சர்வீஸ் மேனுவல்களில் இதற்கு ஒரு கணக்கு உண்டு: நாலில் மூன்று பங்குக்கு மேல் செம்பு தெரிந்தால் புஷ்ஷை மாற்று. கண் இருந்தால் போதும், படிப்புகூட வேண்டாம். இடது பாட்டத்தின் வாயில், சீல் உட்காரும் இடத்தில், ஆழமாக ஒரு கீறல். ஸ்க்ரூடிரைவர்! ஆக, நெம்பித்தான் எடுத்திருக்கிறார்கள். அண்ணன் அதைக் கட்டைவிரலால் தடவிவிட்டு என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பிறகு எமரி பேப்பரை எடுத்தார்.

போட்ட விதமும் பாருங்கள். மேல் புஷ்ஷை அடிக்க பிவிசி பைப் துண்டு, புது புஷ் மேல் அடி நேராக விழக்கூடாது என்று நடுவில் பழைய புஷ். சீலின் உதடு கிழியாமல் இருக்க, பைப் நுனியில் எண்ணெய் தடவிய பாலிதீன் கவர். ஆலன் போல்ட்டுக்குப் புதுச் செம்பு வாஷர். எண்ணெய் இரண்டு பக்கமும் ஒரே அளவு, அளந்து ஊற்றினார். சக்கரம் மாட்டியதும் ஆக்ஸில் கிளாம்ப் போல்ட்டை இறுக்காமல் ஃபோர்க்கை நாலைந்து தடவை அமுக்கி விட்டு, அது தானாக நேராக உட்கார்ந்த பிறகுதான் இறுக்கினார். கோன் செட்டையும் தளர்த்தி, சக்கரம் தானாகவே இரண்டு பக்கமும் விழுகிற அளவுக்கு வைத்தார். கேட்ட கூலியை யோசிக்காமல் கொடுத்தேன்.

இப்போது டொக் இல்லை. ஸ்பீட் பிரேக்கர் மட்டும் அப்படியே இருக்கிறது. இந்திய சாலைக் காங்கிரஸ் 1988-லேயே அதற்கு அளவு எழுதி வைத்திருக்கிறது: அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர், 25 கிலோமீட்டர் வேகத்தில் நிம்மதியாகக் கடக்கலாம். எங்கள் தெருவில் இருப்பது யாரோ வீடு கட்டி மிஞ்சிய ஜல்லியைக் கொட்டி மேலே தார் ஊற்றியது. அகலம் ஒரு முழம், பெயிண்ட் கிடையாது. எந்த புஷ் தாங்கும்?

நேற்று போன் வந்தது. கம்பெனி சர்வீஸ் ஃபீட்பேக்காம். அதற்கு முன்பே வெள்ளைச் சட்டைத் தம்பி கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "பத்துக்குப் பத்து போட்டுடுங்க சார், ஒன்பது போட்டாக்கூட எங்களுக்கு ஜீரோ கணக்குதான்." அந்தப் பெண் கேட்டார்: "முன்பக்க சத்தம் இப்ப சரியாயிடுச்சுங்களா சார்?" "ஆயிடுச்சும்மா, ஆனா அது..." "ரொம்ப நன்றி சார், பத்துன்னு எடுத்துக்கறோம், இந்த நாள் இனிய நாளாகட்டும்." கட். போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். சிரிப்பு வந்துவிட்டது, வேறென்ன செய்வது.

அப்புறம் இன்னொன்று, கேட்க மறந்துவிட்டேன். கோன் செட் மாற்ற விட்டபோது டேங்க்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருந்தது. எடுக்கும்போது ரிசர்வ். டிரையல் பார்த்தார்களாம். ஹேண்டில் எந்தப் பக்கமும் திரும்பாத வண்டியை எங்கேய்யா ஓட்டிப் பார்த்தீர்கள், நேராகத் திண்டிவனம் வரைக்குமா?