பிள்ளையின் நோயைப் பிள்ளையே மொழிபெயர்க்க வேண்டுமா?

தன் மனநோயைப் பற்றி வைத்தியர் சொல்வதைத் தானே அம்மா அப்பாவுக்குத் தமிழில் சொல்லும் வேலையை எந்தப் பிள்ளையின் தலையிலும் கட்டக்கூடாது. இலங்கையின் மலையகத் தோட்டங்களில் இது நடக்கிறது, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

என் அக்கா மகளுக்கு 15 வயது. இருதுருவ மனநிலைக் கோளாறு என்று சொல்லியிருக்கிறார்கள்; மனம் ஒரு காலம் அளவுமீறித் துள்ளும், ஒரு காலம் அப்படியே சோர்ந்து விழும் நோய். (அவளிடமும் அக்காவிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.) நாள்கணக்காகத் தூக்கமே இல்லாமல், ஆனால் களைப்பும் இல்லாமல், லயத்தையே (தோட்டத்து வரிசை வீடுகளையே) கழுவித் தள்ளினாள். அப்புறம் வாரக்கணக்கில் போர்வைக்குள்ளேயே கிடந்தாள். வயசுக் கோளாறு என்றார்கள், மாடசாமி என்றார்கள். கோயிலுக்குப் போகட்டும், கயிறு கட்டட்டும், எனக்கு அதில் சண்டை இல்லை. மாத்திரையை நிறுத்தாமல் இருந்தால் போதும்.

கிளினிக்கில் வைத்தியர் நல்ல மனிதர், தமிழ்தான் தெரியாது. அக்காவுக்குச் சிங்களம் கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான். "சாகணும் என்று வீட்டில் எப்போதாவது சொன்னாளா?" என்று அம்மாவிடம் கேட்கச் சொன்னார். பிள்ளை திரும்பி, "ஒழுங்கா சாப்பிடுறேனான்னு கேக்குறாரு" என்றாள். "சாப்பிடுறா சாமி, ரெண்டு வேளைதான்" என்றாள் அக்கா. பிள்ளை வைத்தியரிடம் சிங்களத்தில், "இல்லை என்கிறார்" என்றாள்.

எனக்குச் சிங்களம் தெரியும், பக்கத்தில் நின்றேன், அதனால் தெரிந்தது. அவள் ஏமாற்றப் பார்க்கவில்லை. அத்தனை பேர் முன்னால் அம்மா அழக்கூடாது என்று பார்த்தாள். பதினைந்து வயதுப் பிள்ளை வேறென்ன செய்யும்?

இது அந்தக் கேள்வியோடு போகிற விஷயமும் இல்லை. அவளுக்குக் கொடுத்திருப்பது லித்தியம். 1949இல் ஜோன் கேட் என்ற அவுஸ்திரேலிய வைத்தியர் இந்த நோய்க்கு அது உதவும் என்று எழுதியதிலிருந்து இன்றுவரை பயன்படும் நல்ல மருந்து. ஆனால் இரத்தத்தில் அளவு கொஞ்சம் கூடினாலும் ஆபத்து. அதனால் அடிக்கடி இரத்தம் சோதிக்க வேண்டும், அதுவும் கடைசி மாத்திரை போட்டுப் 12 மணித்தியாலம் கழித்து. காலை மாத்திரை இருந்தால் இரத்தம் கொடுத்த பிறகுதான் போட வேண்டும். சிறுநீரகம், தைரொயிட் இரண்டையும் பார்க்க வேண்டும். வாந்தி, வயிற்றோட்டம் வந்து உடம்பில் தண்ணீர் குறைந்தால் உடனே காட்ட வேண்டும். இபுபுரோஃபன் போன்ற வலி மாத்திரையை வைத்தியரைக் கேட்காமல் போடக்கூடாது. மலையில் வேலைக்கு நிற்கும் அம்மாவுக்கு இதில் ஒரு வரி தவறினாலும் பிள்ளைக்குத்தான் ஆபத்து. ஒரு நாள் பேரை (அன்றைய சம்பளத்தை) விட்டுவிட்டு, பஸ் ஏறி வருகிறவளுக்கு இதை அவள் மொழியில் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா?

1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழியாகிவிட்டது. சலுகை கேட்கவில்லை. மனநல கிளினிக் நாளில் தமிழ் தெரிந்த தாதியோ உத்தியோகத்தரோ ஒருவர் இருக்கட்டும். லித்தியம் பற்றி ஒரு பக்கம் தமிழில் அச்சடித்துக் கொடுக்கட்டும்.

அதுவரை, பெற்றோரே, சிங்களம் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். ஆனால் பிள்ளை யாரை நம்புகிறதோ அவரை, அதன் சம்மதத்தோடு. லயம் முழுக்கக் கதை பரப்புகிறவரை வேண்டாம். வைத்தியரிடம் பிள்ளை தனியாகப் பேசவும் நேரம் கேளுங்கள். இரவில் பயமாக இருந்தால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926க்கு அழையுங்கள். தோட்டங்களில் சிங்களம் தெரிந்த ஆசிரியர்கள் எத்தனையோ பேர் இருக்கிறோம். கிளினிக் நாளில் கூட வர முடிந்தவர்கள், எந்தப் பக்கம் என்று கீழே எழுதுங்கள். ஹட்டன் பக்கம் நான் வருகிறேன்.