தண்ணீரில் எண்ணா, பங்கா?

அமெரிக்காவின் கொலராடோ ஆற்றுத் தண்ணீரை மாநிலங்கள் பங்கிடும் தகராறு பற்றி யார் பேசினாலும் வறட்சி, பருவநிலை மாற்றம் என்றுதான் தொடங்குகிறார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் எனக்கு உறுத்துவது 1922இல் போட்ட ஒரு கணக்கு.

அந்த நவம்பரில் ஏழு மாநிலப் பிரதிநிதிகள் சாண்டா ஃபேயில் உட்கார்ந்து ஆற்றைப் பிரித்தார்கள். மேல்படுகைக்கு ஆண்டுக்கு 75 லட்சம் ஏக்கர் அடி, அரிசோனாவும் கலிபோர்னியாவும் உள்ள கீழ்ப்படுகைக்கு 75 லட்சம். (ஒரு ஏக்கர் அடி சுமார் 12.3 லட்சம் லிட்டர்.) 1944இல் மெக்சிகோவுக்கு இன்னொரு 15 லட்சம். ஆக 1 கோடியே 65 லட்சம். ஆறு நிறைந்து ஓடிய வருடங்களைப் பார்த்துப் போட்ட கணக்கு அது. இந்த நூற்றாண்டில் ஆறு கொடுப்பது சராசரியாக 1 கோடியே 25 லட்சத்தை ஒட்டித்தான்.

மீதி நாற்பது லட்சம் ஒப்பந்தத்தில் மட்டும் ஓடுகிறது. அங்குள்ள சட்டக்காரர்களே அதற்குக் 'காகிதத் தண்ணீர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கையை நனைப்பது 'ஈரத் தண்ணீர்'.

சரி, பற்றாக்குறை வந்தால் யாருக்குக் குறைப்பது? அமெரிக்க மேற்கின் சட்டம் தங்க வேட்டைக்காரர்கள் காலத்து வழக்கத்திலிருந்து வந்தது. முதலில் ஆற்றில் கை வைத்தவனுக்கே முதல் உரிமை. மூத்தவருக்கு முழுசாகக் கொடுத்த பிறகுதான் இளையவருக்கு. போதாததற்கு, உரிமையை வருடக்கணக்கில் பயன்படுத்தாமல் விட்டால் அது பறிபோகலாம். மிச்சம் பிடிப்பவனை இப்படிப் பயமுறுத்தும் சட்டம் பாலைவனத்தில் இருப்பது விசித்திரம்தான்.

கொலராடோ தண்ணீரை ஊருக்குள் கொண்டுவர 540 கிலோமீட்டர் கால்வாய் வெட்ட மத்திய அரசின் அனுமதியும் பணமும் வேண்டியிருந்ததால், 1968இல் அரிசோனா அந்தக் கால்வாய்த் தண்ணீரைக் கலிபோர்னியாவுக்குப் பின்னால் நிறுத்த ஒப்புக்கொண்டது. 2021 ஆகஸ்டில் வரலாற்றிலேயே முதன்முறையாகப் பற்றாக்குறை அறிவித்தபோது அதன் பலன் தெரிந்தது. அரிசோனாவின் பினல் மாவட்ட விவசாயிகள் வயலைத் தரிசாகப் போட்டார்கள். கலிபோர்னியாவுக்கு அந்தச் சுற்றில் ஒரு சொட்டும் குறையவில்லை.

நான் சில வருடம் ஓமனில் வேலை பார்த்தவன். அங்கே 'ஃபலஜ்' என்ற வாய்க்கால் முறை உண்டு. மலையடிவார நீரைச் சரிவிலேயே ஊருக்குக் கொண்டுவருவார்கள். மூவாயிரம் வாய்க்கால்கள் இன்றும் ஓடுகின்றன. ஐந்தை 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. நிர்வாகிக்கு அங்கே பெயர் 'வக்கீல்'. முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

ஒரு விடுமுறை நாளில் பிர்கத் அல் மவ்ஸ் போயிருந்தேன். கோட்டையைத் தாண்டி வரும் வாய்க்கால் ஓரிடத்தில் மூன்றாகப் பிரிகிறது. மூன்றிலும் ஒரே மட்டம். ஓர் ஈச்ச இலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு அது எந்தப் பக்கம் போகிறது என்று சின்னப்பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் ஒரு தோட்டக்காரர் விளக்கினார்: அங்கே யாருக்கும் இத்தனை லிட்டர் என்று கிடையாது, நேரம்தான் சொத்து. ஒரு 'அதர்' என்பது ஏறக்குறைய அரை மணி நேரம். பகலில் கம்பின் நிழலையும் இரவில் நட்சத்திரத்தையும் பார்த்து முறை மாற்றினார்கள். இப்போது பெரும்பாலும் கைக்கடிகாரம்தான்.

வாய்க்காலில் தண்ணீர் பாதியானால் எல்லோருடைய அரை மணி நேரத்திலும் பாதித் தண்ணீர்தான் வரும். முதலில் தரிசு போடுவது யார் என்று வழக்கு நடத்த வேண்டியதில்லை. அரிசோனாவும் கலிபோர்னியாவும் 1952இல் தொடங்கிய வழக்கில் தீர்ப்பு வர 1963 ஆனது!

ஃபலஜைப் புனிதமாக்கவில்லை. பங்கு அதிகம் உள்ளவர் அங்கேயும் பணக்காரர்தான். பக்கத்தில் பம்பு வைத்துக் கிணறு தோண்டினால் வாய்க்கால் செத்துப்போகும். பல ஊர்களில் செத்தும்விட்டது. அதனால்தான் அதைச் சுற்றிக் கிணறு தோண்டக்கூடாத 'ஹரீம்' என்ற எல்லை வைத்தார்கள். அரிசோனாவிலோ 1980 நிலத்தடி நீர்ச் சட்டம் வரையறுத்த பகுதிகளுக்கு வெளியே, நிலம் உள்ளவர் உறிஞ்சிக்கொண்டே இருக்கலாம்.

மூத்தவருக்கே முதல் உரிமை என்பதை அமெரிக்கர்களே ஒழுங்காகக் கடைப்பிடிக்கவில்லை என்பதும் எனக்குக் கோபம். பழங்குடிகளின் உரிமை அவர்களுடைய ஒதுக்குநிலம் உருவான நாளிலிருந்து எண்ணப்படும் என்று 1908லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அந்தத் தண்ணீரை நவஹோ மக்களுக்குப் பெற்றுத்தர அரசு நடவடிக்கை எடுத்தே ஆகவேண்டும் என்ற கடமை கிடையாது என்று அதே நீதிமன்றம் 2023இல் 5-4 என்று தீர்ப்பளித்தது.

இப்போதுள்ள பற்றாக்குறைக்காலப் பங்கீட்டு விதிகள் 2026 இறுதியோடு காலாவதியாகின்றன. 2025இல் ஒரு யோசனை மேசைக்கு வந்தது: நிலையான எண்ணை விட்டுவிட்டு, கடந்த மூன்று ஆண்டு ஆற்றின் இயல்பான நீர்வரத்தின் சராசரியில் இத்தனை சதவீதத்தைக் கீழ்ப்படுகைக்கு விடலாம் என்று. கிட்டத்தட்ட ஃபலஜ் கணக்கு. அது எத்தனை சதவீதம் என்பதில் சண்டை பிடித்து அந்த நவம்பர் கெடுவையும் தவறவிட்டார்கள். நானாக இருந்தால் சதவீதத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது அந்த முறையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். சதவீதத்தைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். 1922இன் எண்ணைத் திருத்த நூறு வருடமாக யாராலும் முடியவில்லை.