விண்கப்பலில் ஒரு செக்ரோல்

விண்வெளிக் கதை ஆட ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்தப் படத்தைப் பார்த்துட்டு ஆரம்பிக்கலாம்?" என் பதில் இதுவரை மாறவில்லை. 2009இல் ஜே. ஜே. ஏப்ரம்ஸ் இயக்கிய ஸ்டார் ட்ரெக். ஆனால் அதிலிருந்து எதை எடுப்பது என்பதில்தான் பலரோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுப்பார்கள். "இப்ப என்ன செய்ற?" என்று அவர் கேட்பார், நாம் வாயால் சொல்வோம். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் பகடை உருளும். 1974இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்ததிலிருந்து உலகம் முழுக்க ஆடுகிறார்கள். கதை நடத்துகிறவருக்கு எங்கள் கூட்டத்தில் வாத்தியார் என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது என் அப்பா. இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும்போது வருஷக்கணக்காக ரதி வேஷம் கட்டியவர். கூத்தை நடத்துகிறவரை வாத்தியார் என்பார்கள். நாங்கள் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து ஆடுவதைச் சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுல யாருப்பா வாத்தியாரு?" என்று கேட்டார். அன்றிலிருந்து நான்தான் வாத்தியார்.

படத்துக்கு வருகிறேன். 1966இல் தொலைக்காட்சியில் தொடங்கிய கதை அது. விண்கப்பல் கேப்டன் கிர்க் யார், அவருடைய கூட்டாளி ஸ்போக் யார், யார் எப்போது என்ன ஆவார்கள் என்று நாற்பது வருஷமாக ரசிகர்களுக்கு மனப்பாடம். அப்படிப்பட்ட கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல வருகிறவர்கள் வழக்கமாகப் பழையதை அழித்துவிட்டு எழுதுவார்கள். இந்தப் படம் அழிக்கவில்லை. எதிர்காலத்திலிருந்து நேரோ என்பவன் தன் கப்பலோடு கருந்துளை வழியாகப் பின்னோக்கி வந்து, கிர்க் பிறக்கிற நேரத்தில் கெல்வின் என்ற கப்பலை அடித்து நொறுக்குகிறான். கிர்க்கின் அப்பா அந்தக் கப்பலுக்குக் கேப்டனாக இருந்தது 12 நிமிஷம். அதற்குள் 800 உயிர்களைக் காப்பாற்றுகிறார், தன் மனைவியையும் அப்போதுதான் பிறந்த பிள்ளையையும் சேர்த்து. அவர் செத்த நிமிஷத்தோடு நமக்குத் தெரிந்த கதைக்கு உத்தரவாதம் முடிந்துபோகிறது. இனி யாரும் சாகலாம், யாரும் வேறு ஆளாகலாம். அதே நேரம், பழைய ஸ்போக்காகவே நடித்த லியோனார்ட் நிமோய் வயதான ஸ்போக்காக வந்து நிற்கிறார். பழைய கதையும் நடந்தது என்பதற்கு அவரே சாட்சி.

தமிழ்நாட்டுப் பக்கம் காமன் பண்டிகையில் லாவணி பாடுவார்கள். எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டு அணி. சிவன் நெற்றிக்கண்ணால் காமன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று மறு கட்சி, விடிய விடிய வாதம். இந்தப் படத்தை எனக்குச் சரியாகப் புரியவைத்தது அந்த லாவணிதான். கிழவர் ஸ்போக் எரியாத கட்சி. இளம் கிர்க் எரிந்த கட்சி. இரண்டு பேரும் ஒரே கப்பலில் நிற்கிறார்கள், இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

வாத்தியாராக உட்காருகிறவர்கள் திருட வேண்டியது இதைத்தான். துப்பாக்கியையும் சீருடையையும் விட்டுவிடுங்கள்.

எங்கள் கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். முதலில் பொன்னர் சங்கர் கதையை ஆட வைத்தேன். கூத்தில் பார்த்து வளர்ந்த கதை, எல்லோருக்கும் தெரியும், சுலபமாக ஆடுவார்கள் என்று நினைத்தேன். ஆட்டம் நகரவே இல்லை. சங்கராக ஆடிய தம்பி, ஆட்டோ ஓட்டுகிறவன், வாய் ஓயாதவன், வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். "அண்ணே, சங்கர் இப்படிச் செய்ய மாட்டாரே" என்பான். எது சொன்னாலும் தப்பாகிவிடும் என்ற பயம். மறுவாரம் இந்தப் படத்தை நினைத்துக்கொண்டு ஒரே ஒரு இடத்தை உடைத்தேன். அண்ணன்மார் வேட்டைக்குக் கிளம்புகிறார்கள். ஊர் எல்லை தாண்டியதும் கொம்பன் பன்றி செத்துக் கிடக்கிறது. யாரோ முந்திவிட்டார்கள். அவ்வளவுதான் சொன்னேன். தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். "யாருடா கொன்னது?" என்று கத்தினான். அந்த ராத்திரி பதினொரு மணி வரைக்கும் ஆடினோம்.

தெரிந்த கதையை எடுங்கள், முதல் அரை மணி நேரத்துக்குள் ஓர் இடத்தில் உடையுங்கள், உடைந்ததை அவர்கள் கையில் கொடுங்கள். எல்லாவற்றையும் உடைத்தால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. ஓர் இடம் போதும்.

படத்தில் எனக்குப் பிடிக்காததும் உண்டு. கிர்க்கைத் தூக்கி ஒரு பனிக் கிரகத்தில் போடுகிறார்கள், அவன் ஓடி ஒளியும் குகையில் சரியாகக் கிழவர் ஸ்போக் இருக்கிறார். மேசையில் இப்படிச் செய்யாதீர்கள். ஆடுகிறவர்களைச் சிக்கலில் மாட்டிவிடும் தற்செயலை அவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். காப்பாற்றுகிற தற்செயலைக் கண்டால் தங்கள் உழைப்பைப் பறித்துக்கொண்டது போல் உணர்வார்கள். நேரோவுக்கும் படம் போதிய நேரம் கொடுக்கவில்லை. அவன் ராணுவத்தான் இல்லை, சுரங்கத் தொழிலாளி. அவனுடைய கிரகம் அழிந்தது, மனைவி செத்தாள். இவ்வளவு பெரிய துக்கம் உள்ளவனைப் படம் முழுக்கக் கத்த மட்டும் வைத்திருக்கிறார்கள்.

இனி, நான் உண்மையில் எழுத வந்த விஷயம்.

நடுப்படத்தில் ஸ்போக்கின் கிரகமான வல்கனை நேரோ அழித்துவிடுகிறான். 600 கோடிப் பேர். பத்தாயிரம் பேர்தான் தப்பியிருக்கலாம் என்று ஸ்போக் குறிப்பேட்டில் பதிவு செய்கிறான். பிறகு மின்தூக்கியில் அவன் காதலி ஊஹுரா அவனைக் கட்டிப்பிடித்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறாள். ஒரு நிமிஷம் வருமா தெரியாது, அந்தக் காட்சி. அதற்குப் பிறகு படம் மறுபடி ஓட ஆரம்பித்துவிடுகிறது. படத்துக்கு அது சரி. மேசையில் நாம் அந்த மின்தூக்கிக்குள்ளேயே தங்கலாம்.

போன ஐப்பசியில் நாங்கள் விண்வெளிக் கதை ஆரம்பித்தோம். ஜான் ஹார்ப்பர் எழுதிய லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ் என்ற ஆட்டம், விதிகள் ஒரே பக்கம், இலவசம். பல முகப் பகடையெல்லாம் தேவையில்லை, லூடோ பகடை போதும். 2 முதல் 5 வரை ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கிறோம். எண் பெரிதாக இருந்தால் அறிவு வேலையில் கெட்டி, சின்னதாக இருந்தால் மனசு வேலையில் கெட்டி. அறிவு வேலைக்குப் பகடை உன் எண்ணுக்குக் கீழே விழ வேண்டும், மனசு வேலைக்கு மேலே. சரியாக உன் எண்ணே விழுந்தால் வாத்தியாரிடம் ஒரு கேள்வி கேட்கலாம். அவர் உண்மையைச் சொல்லியாக வேண்டும்.

போன ஞாயிறு நல்ல மழை, கரண்டும் இல்லை. போன் டார்ச்சின் மேல் தண்ணீர் போத்தலை வைத்து வெளிச்சம் பண்ணியிருந்தோம். பிளேன்டீ ஆறிக் கிடந்தது. என் சித்தப்பா மகள், கொழுந்து எடுக்கிற பிள்ளை, அவளுக்குக் கப்பலின் டாக்டர் வேஷம். அவள் எடுத்த எண் 2. அவளுடைய கிரகத்தை அழித்தேன். அடுத்து எதிரிக் கப்பலைத் துரத்துகிற சண்டை, அதற்கு வரைபடமெல்லாம் போட்டு வைத்திருந்தேன்.

அவள் சண்டைக்குப் போகவில்லை. கொஞ்ச நேரம் பகடையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணே, செக்ரோல் யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டாள்.

மலையகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு: செக்ரோல் என்பது தோட்டத்தில் வேலைக்குப் பதிந்தவர்களின் பெயர்ப் பதிவு. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் புதைந்தபோது அவள் சின்னப் பிள்ளை. மண் விழுந்த இடத்தில் முதலில் வருகிற கேள்வி யார் யார் இருந்தார்கள் என்பதுதான். அது இங்கே எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு அன்றைக்குச் சண்டை இல்லை. தப்பி வந்த ஒவ்வொருவரிடமும் போய்ப் பேர் கேட்டாள். நாங்கள் பேர் சொல்லச் சொல்ல கொப்பியில் எழுதினாள். ஆட்டோத் தம்பி ஒரு கிழவனாகக் குரலை மாற்றி தன் தெருவில் இருந்த பதினேழு பேரைச் சொன்னான், ஒவ்வொருவரும் என்ன வேலை செய்தார்கள் என்பது வரைக்கும். அப்பா உள்ளேயிருந்து எழுந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். ரதி புலம்பும்போது பொட்டலில் சனம் இப்படித்தான் அமைதியாகிவிடும்.

கடைசியில், பயந்துபோயிருக்கும் பிள்ளைகளைப் பேச வைக்க அவள் பகடை போட வேண்டி வந்தது. மூன்று பகடை. ஒன்று 5, ஒன்று 4, ஒன்று சரியாக 2. கேள்வி கேட்கலாம். எதிரி எங்கே, ஆயுதம் எது என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"செக்ரோல்ல பேர் இல்லாதவங்க எத்தனை பேருண்ணே அங்க இருந்தாங்க?"

வேலைக்குப் பதியாத பிள்ளைகள், வயசானவர்கள், அன்றைக்கு விருந்தாளியாக வந்தவர்கள். எந்தப் பதிவிலும் இல்லாதவர்கள். 1948இல் வந்த குடியுரிமைச் சட்டத்தால் நாடில்லாமல் போன ஆட்களின் பேத்தி அவள். அந்தக் கேள்வி அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. விதிப்படி நான் உண்மையைச் சொல்ல வேண்டும். அழித்தபோது அவர்களை நான் எண்ணவே இல்லை. அடுத்த ஞாயிறு சொல்கிறேன் என்று தவணை வாங்கிக்கொண்டேன்.

இந்த வாரம் முழுக்க கொப்பியும் பேனாவுமாக உட்கார்ந்து ஒவ்வொரு வீடாக எழுதிக்கொண்டிருக்கிறேன். நேற்று ராத்திரி வரைக்கும் நாற்பத்தொரு பேர்.